ஞாயிற்றுக்கிழமைக் கடல்

“ஞாயித்துக்கெழமைன்னு நான் தொண்ட கிழியக் கத்திக்கிட்டு நிக்கேன், நீ மாடிப்படியில ஒக்காந்து மூக்கச் சிந்திக்கிட்டிருந்தா அந்த மனுசன்—”

“நான் போகச் சொல்லலம்மா. ஒரு வார்த்த சொல்லல—”

“வாயத் தொறந்து சொல்லணுமாக்கும். ஒன் மூஞ்சி சுண்டுனா அவியளுக்குத் தாங்காதுன்னு ஒனக்குத் தெரியாதாளா—”

“அப்ப நீ என்ன செஞ்ச? லெம்பர்ட் மாமா வந்து மச்சான் எங்கன்னு கேட்டப்ப, உடன்குடிக்குக் கருப்பட்டி எடுக்கப் போயிருக்காவன்னு சொன்னது யாரு? நானா சொன்னேன்?”

ஞானபாக்கியத்தின் கை நின்றது. உப்பில் கிடந்த திருக்கைத் துண்டுகளை அவள் குசினியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவள் புருசன் தஸ்நேவிஸ் பிடித்துவந்த மீன். ஞாயிற்றுக்கிழமை உப்பில் போட்டாள். இன்று செவ்வாய். மீனுக்கு நாள் கணக்கு உண்டு. வீட்டில் என்ன நடந்தாலும் மூன்றாம் நாள் கழுவி வெயிலில் போட்டாக வேண்டும்.

“பின்ன என்ன சொல்லச் சொல்லுத?” என்றாள், குரலை இறக்கி. “ஞாயித்துக்கெழம கடலுக்குப் போயிருக்காவன்னு என் வாயாலேயே ஊர்ல சொல்லி, ஒரு மாசம் போட்டக் கரையேத்த வைக்கச் சொல்லுதியா?”

“அதச் சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரியே நாப்பது போட்டு போயிருக்கும்.”

ஞானபாக்கியம் கழுவின துண்டுகளை ஓலைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனாள். மகள் ஜாய் குசினி வாசலில் அப்படியே நின்றாள்.

திரேஸ்புரத்துக்கு வடக்கே, கடலைப் பார்த்து நிற்கும் கடைசி வரிசையில் அவர்கள் வீடு. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்குவதில்லை. பூசை பார்த்து, கறி எடுத்து, வலையைப் பொத்திக்கொண்டு கரையில் கிடப்பார்கள். மீறிப் போனவனின் படகை ஊர்க் கமிட்டி ஒரு மாதம் கரையில் ஏற்றிவைத்துவிடும். தஸ்நேவிஸின் முப்பது வருடக் கடலில் அந்தக் கட்டுப்பாட்டை அவர் மீறியதில்லை.

மீற வைத்தது ஒரு பலூன்.

ஜாய் படிக்கும் கல்லூரி சாத்தான்குளம் பக்கம் இருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருடம். அவளும் இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து, காற்று எவ்வளவு உயரத்தில் எவ்வளவு குளிரும் என்று அளந்துவர ஒரு பெட்டி செய்தார்கள். தெர்மக்கோல் பெட்டி, உள்ளே கேமரா, தெர்மாமீட்டர், தான் நிற்கும் இடத்தை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோவில் சொல்லும் கருவி. ஆள் உயரத்துக்கு ஊதிய பலூனில் கட்டி விட்டால் இருபத்தெட்டு கிலோமீட்டர் உயரம் போய், பலூன் வெடித்து, பாராசூட்டில் இறங்கும். பறக்கவிட அனுமதி கேட்டு முத்துச்செல்வம் சார் ஐந்து மாதம் கடிதம் எழுதினார். கடைசியில் கிடைத்தது ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலை மட்டும்.

கச்சான் தொடங்கிவிட்ட நேரம். மேற்கே தரையிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று பலூனைக் கடலுக்குத் தள்ளும். உயரே போனால் எதிர்க்காற்று உண்டு, அது மறுபடி கரைக்குக் கொண்டுவந்து உடன்குடித் தேரியின் செம்மணலில் இறக்கும். கணக்கு அப்படித்தான் சொன்னது. தேரியில் ஒரு வேனில் மாணவர்கள் காத்துக்கிடந்தார்கள். கடல்பக்கம் சிக்னல் பிடிக்க ஜாயின் மாடியில் நேசக்குமார் ஆன்டெனாவைக் கட்டி வைத்திருந்தார்.

நேசக்குமார் நாசரேத்துக்காரர். துறைமுகத்தில் கப்பல்களோடு ரேடியோவில் பேசும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே ரேடியோதான், லைசென்ஸ் வாங்கின அமெச்சூர். மாணவர்களுக்கு ரேடியோ வகுப்பு எடுத்தவரும் அவர்தான்; பெட்டி பேசியது அவருடைய அழைப்புக்குறியில். அலுமினியக் கம்பிகளை வரிசையாகக் குத்தின அவருடைய ஆன்டெனாவைத் தெருவில் எல்லாரும் மீன்முள் என்றார்கள்.

“அண்ணாச்சி, ஒங்க மீன்முள்ளுல மீனு சிக்குமா?” என்று தஸ்நேவிஸே அன்று காலையில் கேட்டார்.

“வானத்து மீன் சிக்கும் மாப்ள. கொழம்பு வைக்க முடியாது.”

உயரத்துக் காற்று அன்று சோம்பிக் கிடந்தது. கல்லூரியிலிருந்து பறக்கவிட்ட பெட்டி திரும்பி வரவில்லை. ஒன்பதரை மணிக்குக் கரையிலிருந்து பன்னிரண்டு மைல் கிழக்கே கடலில் விழுந்தது. விழுந்தும் சாகாமல், அலையில் ஆடிக்கொண்டே விட்டு விட்டுக் கூப்பிட்டது. காய்ந்த ஓலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் ரேடியோவில் வரும். கம்ப்யூட்டர் திரையில் ஒரு புள்ளி கொஞ்சம் நகரும்.

ஜாய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருட வேலை. தஸ்நேவிஸ் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றார்.

“எத்தன மைலு பிள்ள?”

“பன்னெண்டுப்பா.”

“நான் வலை விடுத எடந்தான்.”

“ஞாயித்துக்கெழம,” என்றாள் ஞானபாக்கியம் குசினியிலிருந்து.

“மீனு பிடிச்சாத்தான தப்பு? வலையே ஏத்தாமப் போறேன். எவன் கேப்பான்?”

வலையை இறக்கி வைத்தார். வயர்லெஸ் செட்டையும் எடுக்கவில்லை. அதில் பேசினால் ஊரில் எல்லாருடைய செட்டிலும் கேட்கும். கூட வரும் மச்சினன் லெம்பர்ட்டையும் கூப்பிடவில்லை. அவன் ஒரு ஞானஸ்நான வீட்டில் இருந்தான். வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மீன் போடும் ஐஸ்பெட்டியை மட்டும் வெறுமையாகத் தூக்கிக்கொண்டு பத்து மணிக்குப் போனார்.

அந்தச் சட்டை செவ்வாய்க்கிழமையும் கொடியில் இருந்தது. துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் நிலக்கரித் தூசு தோளில் படிந்து, மடிப்புக்கு மடிப்பு கறுத்திருந்தது. ஞானபாக்கியம் அதை எடுக்கவில்லை, உதறவுமில்லை.

மாடியில் நேசக்குமார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர் வீட்டுக்கு ஒரே ஒருமுறைதான் போய்க் குளித்து வந்தார். காதில் ஹெட்போன். காலடியில் திருக்கைத் துண்டுகள் காய்ந்தன. காக்காய்க்காக ஞானபாக்கியம் அவர் கையில் ஒரு கம்பும் கொடுத்திருந்தாள்.

“அண்ணாச்சி, ஏதும் கேக்குதா?”

“இல்ல தங்கச்சி.”

“பெட்டி அவிய கையில கெடச்சது நெசந்தான?”

“கெடச்சிட்டு. ஒரு மணிக்கு போன் பண்ணிச் சொன்னாரே, நீயும் கேட்டல்லா.”

“அதக் கேட்டுட்டுத்தான் குசினிக்கு எறங்குனேன். ‘கெடச்சிட்டு பிள்ள, ஒரு கீறல் இல்ல’ன்னாவ.” ஞானபாக்கியம் துண்டுகளைப் புரட்டிப் போட்டாள். “போட்டுல பெட்டி இருக்கு. பெட்டி தான் இருக்கிற எடத்தச் சொல்லும். அப்ப பெட்டி எங்க இருக்கோ அங்கதான அவியளும் இருப்பாவ? அலை மறைக்குது, அதான் கேக்கல. காத்து அடங்குனாக் கேக்கும். நீங்க எந்திரிச்சிராதிய.”

நேசக்குமார் காதிலிருந்த ஹெட்போனைச் சரிசெய்துகொண்டார். சரிசெய்ய ஒன்றுமில்லை.

“கருப்பட்டி போட்டுக் காப்பி கொண்டாறேன்,” என்று அவள் இறங்கிப் போனாள். பாதிப் படியில் நின்று, அந்த வார்த்தையைத் தானே கேட்டவள் போல, “சீனி போட்டே கொண்டாறேன்,” என்றாள்.

ஜாய் மேலே வந்தபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாகப் புள்ளி நின்ற இடமும் நேரமும் திரையில் அப்படியே இருந்தன. ஞாயிறு, ஒன்று பதினான்கு.

“அம்மாட்ட சொல்லிட்டியா?”

“இல்ல அங்கிள்.”

“நான் சொல்லட்டா?”

“நான்தான செஞ்சேன்.”

“நீ செஞ்சதுக்கு மந்திரம் ஓதிக் குடுத்தவன் நானுல்லா.” நேசக்குமார் கம்பால் ஒரு காக்காயை விரட்டினார். “மொத நாள் வகுப்புலேயே சொன்னேன். வேலை முடிஞ்சா வாய மூடணும், அலைவரிசை நம்ம அப்பன் வீட்டுச் சொத்தில்லன்னு. பெட்டி கைக்கு வந்ததும் மொத வேலையா பேட்டரியக் கழட்டணும்னு நோட்டுலயே எழுதிப் போட்டேன். நீ போன்ல அவருட்ட சொல்லும்போது பக்கத்துல நின்னு தலைய ஆட்டுனேன்.”

“அப்பா கேட்டாவ அங்கிள். ‘கத்திக்கிட்டே வரட்டுமே பிள்ள, எனக்குப் பேச்சுத்தொணைக்கு ஆச்சு’ன்னாவ. நான் சிரிச்சேன். ‘இல்லப்பா, ரூல் இருக்கு, செவப்பு வயரப் புடுங்கிருங்க’ன்னேன். ‘சரி, நீ சொன்னா சரி’ன்னாவ. அடுத்த நிமிசம் சத்தம் நின்னுட்டு.”

கீழே தெருவில் ஒரு சைக்கிள்காரன் ஐஸ் விற்றுக்கொண்டு போனான். அவன் கடந்து போனதும் ஜாய் கேட்டாள்.

“வயரு மாட்டியிருந்தா எத்தன நாள் பேசும்?”

“லித்தியம் பேட்டரி. நாலு நாள் பேசும்.”

“அப்ப இன்னைக்கும் பேசியிருக்கும்.”

“பேசியிருக்கும்.”

“அவியளாவே மறுபடி மாட்ட மாட்டாவளா? ஒரு அவசரம்னா?”

நேசக்குமார் அவளைப் பார்த்தார். “அதுக்குத்தான ஒக்காந்திருக்கேன்.”

“மாட்ட மாட்டாவ அங்கிள்,” என்றாள் ஜாய். “நான் வேண்டாம்னு சொன்னதச் செய்ய மாட்டாவ.”

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கே தஸ்நேவிஸ் திரும்பியிருக்க வேண்டும். ஐந்து மணிக்கு ஞானபாக்கியம் கடற்கரைக்கு நடந்து போய் வந்தாள். ஆறு மணிக்கு ஜாய் போனுக்கு மேல் போன் போட்டாள்; ஆள் எல்லைக்கு வெளியே என்றது. நேசக்குமார் கோஸ்ட்கார்டுக்குத் தகவல் சொல்லிவிடலாம் என்று கையில் போனை எடுத்தார். “ஒரு மணி நேரம் பொறுங்க அண்ணாச்சி. எஞ்சின்ல ஏதாவது கோளாறா இருக்கும், துடுப்பு போட்டு வருவாவ. விடிஞ்சா ஊருக்குத் தெரியாம முடிஞ்சிரும்,” என்று ஞானபாக்கியம்தான் தடுத்தாள். அப்போதுதான் லெம்பர்ட் ஞானஸ்நான வீட்டுச் சாப்பாட்டை ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து, மச்சானைக் கேட்டான். படகை எஞ்சின் வேலைக்கு விட்டுவிட்டு அப்படியே உடன்குடிக்குக் கருப்பட்டி எடுக்கப் போனதாகச் சொன்னாள். “எனக்கும் ரெண்டு வட்டு எடுத்து வைக்கச் சொல்லு,” என்று சிரித்துவிட்டு அவன் போனான்.

வேறு எந்தக் கிழமையாக இருந்தாலும் அந்தப் பன்னிரண்டாம் மைலில் ஒன்றிரண்டு படகாவது நின்றிருக்கும். தலைத்துண்டைத் துடுப்பில் கட்டி ஆட்டினால் போதும். விசைப்படகுகளுக்கும் மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை. அன்று அந்தக் கடல் முழுவதும் தஸ்நேவிஸ் ஒருவர்தான்.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஞானபாக்கியம் கோயில் வாசலில் போய் நின்று உண்மையைச் சொன்னாள். யாரும் திட்டவில்லை. கமிட்டித் தலைவர் செருப்பைக்கூடப் போடாமல் கடற்கரைக்கு ஓடினார். மதியத்துக்குள் முப்பத்தெட்டுப் படகுகள் போயின. கோஸ்ட்கார்டுக்கும் சொல்லியாயிற்று. முத்துச்செல்வம் சார் மாணவர்களோடு வந்து தெருவில் நின்றார். உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இருட்டும் வரை நின்றுவிட்டுப் போனார்.

பெண்கள் மட்டும் குழாயடியில் பேசினார்கள். “ஏளா ஞானம், கருப்பட்டி வந்துட்டா?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள். கேட்டவளே மத்தியானம் கஞ்சியும் சூடைக் கருவாட்டுப் பொரியலும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கஞ்சி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

செவ்வாய் மாலை நாலரைக்கு லெம்பர்ட்டின் குரல் தெருமுனையில் கேட்டது. யாரையோ ஒதுங்கச் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு ஐஸ்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். நீல வண்ணப் பெட்டி. மூடிமேல் தஸ்நேவிஸ் தன் கையால் பெயிண்டில் போட்ட சிலுவை.

முற்றத்தில் இறக்கினார்கள். ஞானபாக்கியம் பெட்டியைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

“மச்சான் எங்கலே?”

“போட்டு கெடைக்கலக்கா. இது மட்டும் தனியா மெதந்து வந்தது. இருபத்தேழு மைல்ல.” உப்பு பூத்த கையை லெம்பர்ட் கைலியில் துடைத்தான். “வலை ஏத்தாமப் போயிருக்காவ. வலை இருந்தா போட்டு பாரத்துல கெடக்கும். வெறும் போட்டு இந்தக் கச்சானுக்குத் தக்கையாட்டம் துள்ளும்க்கா. எஞ்சின் நின்னு, குறுக்க ஒரு அலை வாங்குனா... என்னையக் கூப்பிட்டிருக்கலாம். ஞாயித்துக்கெழமைன்னா நான் வரமாட்டேன்னு நெனச்சிட்டாவ.”

“வந்திருப்பியா?”

லெம்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். “தெரியலக்கா.”

ஐஸ்பெட்டியின் மூடி நைலான் கயிற்றால் நாலு சுற்று கட்டியிருந்தது. அவர் போடும் முடிச்சு. இழுத்தால் இறுகும், வாலைப் பிடித்தால் அவிழும். ஞானபாக்கியம் வாலைப் பிடித்தாள். உள்ளே தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. பாலித்தீன் தாளில் பொதிந்து, அதன்மேல் தன் தலைத்துண்டைச் சுற்றி, அசையாமலிருக்க இரண்டு பக்கமும் பாராசூட் துணியை மடித்துச் செருகி, அந்தத் தெர்மக்கோல் பெட்டியை உள்ளே வைத்திருந்தார். பிள்ளையைத் தொட்டிலில் போட்டது போல இருந்தது.

நேசக்குமார் ஹெட்போனைக் கழுத்தில் போட்டபடி மாடிப்படியில் நின்றார். ஜாய் அவருக்கும் கீழே, கடைசிப் படியில்.

ஞானபாக்கியம் பாலித்தீனைப் பிரித்தாள். பெட்டியின் பக்கவாட்டில் கருவி தெரிந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு வயர் வெளியே வந்து, முனை மடித்து, ஈரம் படாதபடி டேப் சுற்றி, பெட்டியோடு ஒட்டியிருந்தது.

“இது என்ன, வயரு தனியாக் கெடக்கு?”

ஞானபாக்கியம் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, இது கழண்டு விழுந்ததா?”

“இல்ல தங்கச்சி. அது வந்து...”

“நான்தாம்மா புடுங்கச் சொன்னேன்,” என்றாள் ஜாய். “பெட்டி கெடச்சிட்டுன்னு போன் பண்ணுனாவல்ல, அப்ப.”

“புடுங்குனா?”

“பேசாது.”

ஞானபாக்கியம் அந்த டேப்பைத் தடவிப் பார்த்தாள். மூன்று நாள் மாடிக்கும் குசினிக்கும் ஏறி இறங்கினது, காத்து அடங்குனாக் கேக்கும் என்று தெருவில் எல்லாரிடமும் சொன்னது எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. அவள் அடிப்பாள் என்று ஜாய் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

“பொகையிலைய விடுங்கன்னு இருபத்திரண்டு வருசம் நான் சொன்னேன்,” என்றாள் ஞானபாக்கியம். “கேக்கல. ஞாயித்துக்கெழம போவாதியன்னு சொன்னேன். கேக்கல. ஒன் ஒத்தச் சொல்லுக்கு டேப்பெல்லாம் சுத்தி வச்சிருக்காவ, பாரு.”

“அம்மா.”

“நானும்தான் சொன்னேன், உடன்குடின்னு.” அவள் லெம்பர்ட்டைப் பார்த்தாள், பிறகு மகளை. “யாரு சொன்னது பெருசுன்னு யார்ட்ட போயிக் கேக்க?”

நகத்தால் டேப்பின் ஓரத்தைக் கிள்ளி எடுத்தாள். வயரைப் பிரித்து நிமிர்த்தினாள். “இது எங்கனளா சொருகணும்?”

“வேண்டாம்மா.”

“எங்கன சொருகணும்னு கேட்டேன்.”

ஜாய் வந்து தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடத்தைக் காட்டினாள். ஞானபாக்கியமே சொருகினாள். சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. கழற்றி வைத்ததால் பேட்டரியில் அவ்வளவும் மிச்சமிருந்தது.

“ஏன் ஒண்ணும் பேசல?”

“அஞ்சு நிமிசம் ஆவும்மா. சாட்டிலைட்டப் பிடிக்கணும்.”

முற்றத்துக்கு மேல் வானம் வெளிறிக் கிடந்தது. வாசலில் கூடியிருந்தவர்களில் ஒருத்தி ஜெபமாலையைத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். லெம்பர்ட் சுவரோரம் குந்தி உட்கார்ந்தான். கொடியில் வெள்ளைச் சட்டை கச்சானுக்கு ஊதி ஊதி அடங்கியது.

மாடியில் ரேடியோ ஓலையைக் கிழித்தது.

நேசக்குமார் படியேறிப் போய்த் திரையைப் பார்த்தார். நாற்பது வருடப் பழக்கம். கண்ணில் பட்டதை வாய் படித்துவிட்டது. “எட்டு டிகிரி நாப்பத்தொம்பது வடக்கு, எழுவத்தெட்டு டிகிரி பத்து...” என்று தொடங்கி, புள்ளி எந்தத் தெருவில், எந்த வீட்டின் மேல் நிற்கிறது என்று பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

ஞானபாக்கியம் தெர்மக்கோல் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மகளின் மடியில் வைத்தாள்.

“இப்ப பேசுதுல்லா. ஒங்கப்பா எங்கன்னு அதுட்ட கேளுளா.”